பம்புக்கு வரைந்த படம்

தாயில்பட்டியைத் தாண்டி சிவகாசி ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு ரெக்சின் பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய ஃப்ளாப்பி. மதியம் மூன்று மணி இருக்கும். வேலை போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது.

பின்னால் வந்த மினி பஸ் பக்கத்தில் நின்றது. கண்டக்டர் தகரத்தைத் தட்டி, "வாறீகளா, இல்ல நடந்தே ஊர் சேரப் போறீகளா?" என்றார். இல்லை என்று கையசைத்தேன். பஸ்ஸுக்குக் காசு இருந்தது. ஆனால் ஏறிப் போய்விட்டால் ஒரு லாரி வருகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாமல் போய்விடும்.

அந்த லாரி, நான் வெளியேறிய பட்டாசுக் கம்பெனியின் கேட்டுக்குள் தார்ப்பாய் கட்டித் தயாராக நின்றது. வடக்கே போகவேண்டிய லோடு. அதற்கு இந்த ரோட்டை விட்டால் வேறு ரோடு கிடையாது. அது என்னைத் தாண்டிப் போனால், ஃபோர்மேன் பால்பாண்டி அண்ணாச்சி ஒரு தப்பான சோதனைத் தாளில் தெரிந்தே கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று அர்த்தம். தாண்டாவிட்டால் போடவில்லை. அந்தத் தாளைத் தப்பாக்கியவன் நான்.

சோதனை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். திரையில் எப்படிக் கம்பி இழுப்பது, எந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்பதையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நான் இந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். மல்லாங்கிணறு பக்கம் எங்களுக்கு இருந்தது மழையை நம்பிய காடு. மழை இல்லாத ஒரு வருஷம் கிளம்பினேன், பிறகு ஓரிடத்தில் நிலைக்கவில்லை. விருதுநகரில் ஒரு ரேடியோ செட் கடையில் மைக் கட்டினேன். போர்வெல் லாரியோடு நான்கு மாநிலம் சுற்றினேன். அதில் ஒரு விரலின் நுனி போனது. திரும்பி வந்து கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கும் கடை ஒன்றில் இருந்தேன். அங்கிருந்துதான் அந்தப் பட்டாசுக் கம்பெனிக்குப் போனேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். வெடிச் சத்தம் இந்த அளவைத் தாண்டக்கூடாது என்று கெடுபிடி வந்திருந்த நேரம். கம்பெனியில் சத்தம் அளக்கும் சாமான்களை வாங்கிப் போட்டிருந்தார்கள். அதைப் பூட்டிய எஞ்சினியர் பாதியில் போய்விட்டார். மைக்கும் தெரியும் கம்ப்யூட்டரும் தெரியும் என்று யாரோ என்னைச் சொல்லிவிட்டார்கள்.

அந்த மென்பொருளைத் திறந்து பார்த்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். அதில் ஒரு வரிகூட எழுத வேண்டாம். பெட்டி பெட்டியாக எடுத்து வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கம்பி இழுத்தால் போதும். மைக்கில் வரும் சத்தம் இந்தப் பெட்டிக்குள் போகும், அந்தப் பெட்டியில் எண்ணாக வெளியே வரும். ரேடியோ செட் கட்டியவனுக்கு இது புரியாதா? இங்கிலீஷ் தெரியாது என்று பயந்துகொண்டிருந்தேன். படத்துக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை.

தெரியாததைக் கேட்க ஒரு குழு கிடைத்தது. அதே மென்பொருளை வைத்திருக்கிற பத்துப் பன்னிரண்டு தமிழ் ஆட்கள் மெயிலில் ஒரு குழு நடத்தினார்கள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பார்கள். நான் சிவகாசியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒரு விரலால் தட்டுவேன். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. எதைச் சோதிக்கிறாயோ அதுதான் பெயர். கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு சோதிக்கிறவர் பம்பு. சென்னையில் வண்டி ஹாரன் சோதிக்கிற அம்மா ஹாரன். அவரை எல்லோரும் ஹாரன் அக்கா என்போம். நான் வெடி. கடைசி வரைக்கும் இவர்கள் யார், என்ன வயது என்று எனக்குத் தெரியாது. இந்தத் தொழிலில் எனக்கு வாத்தியார் என்று யாராவது உண்டென்றால் அந்த ஹாரன் அக்காதான். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை.

குழுவுக்கு இரண்டு சட்டம். உதவி கேட்டால் படத்தை முழுசாகப் போட வேண்டும். எனக்கு இந்த இடத்தில்தான் கோளாறு என்று ஒரு மூலையை மட்டும் வெட்டிப் போட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அடுத்தது, ஒருவர் சொன்ன யோசனை இன்னொருவர் வேலையைக் கெடுத்துவிட்டால், சொன்னவர் தான் வரைந்ததிலேயே மோசமான படத்தைக் குழுவில் போட்டு ஒரு நாள் முழுக்க ஏச்சு வாங்க வேண்டும். கம்பி குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தால் அதற்கு இடியாப்பம் என்று பெயர். என் முதல் படத்தைப் பார்த்துவிட்டு பம்பு எழுதினார்: "ஏனுங்க வெடி, இதுக்குத் தேங்காய்ப்பால் தனியா தருவீங்களா?"

அந்தப் பம்பிடம்தான் நான் முதல் உதவி கேட்டேன். திரையில் முள் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்த மூன்று வெடிக்கு மூன்று எண் காட்டியது. மானேஜர் வந்து பார்த்துவிட்டு, "ஒரே வெடிக்கு மூணு நம்பரா? ஜோசியக்காரன்கூட ஒண்ணுதான் சொல்வான்" என்றார். குழுவில் படத்தைப் போட்டு எழுதினேன், முள் ஆடுகிறது என்று. பம்பு அன்றைக்கே தன் படத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி அனுப்பினார். "இதை மைக்குக்குப் பக்கத்துல சொருகுங்க. முள்ளு பொட்டிப் பாம்பா அடங்கிப் போகும். மூணு வருசமா என்ற பம்புக்கு இதேதானுங்க."

சொருகினேன். முள் அடங்கியது. மூன்று வெடிக்கும் கிட்டத்தட்ட ஒரே எண். அதுவும் அளவுக்குள். மானேஜர் டீ வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு எந்தச் சரக்கும் அளவைத் தாண்டவே இல்லை. தாண்டாததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. விரும்பாத பதிலைத் தரும் படத்தை நாம் பத்துத் தடவை திறந்து பார்ப்போம். விரும்புகிற பதிலைத் தருவதை மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போவோம். அந்தச் சீசனில் நான் நிறைய டீ குடித்தேன்.

சோதனைத் தாளில் கையெழுத்துப் போடுகிறவர் பால்பாண்டி அண்ணாச்சி. ஐம்பதைத் தாண்டியவர், ஃபோர்மேன் சர்டிபிகேட் வைத்திருப்பவர். பட்டாசுக் கம்பெனியில் என்ன நடந்தாலும் முதலில் தேடுவது ஃபோர்மேனைத்தான். முன்பு வேறொரு கம்பெனியில் அவர் லீவில் இருந்த நாளில் நடந்த ஒரு விபத்துக்கு, அவர் பெயர் தாளில் இருந்தது என்பதற்காக ஏழு வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தவர். அதனால் பேனாவைத் திறக்குமுன் ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்பார்: "ஏலே, போடலாமா?"

"போடுங்க அண்ணாச்சி."

"நீ சொல்லுதே, நான் போடுதேன்."

ஒவ்வொரு தாளுக்கும் இதே பேச்சுதான். எனக்கு அது விளையாட்டு மாதிரி ஆகிவிட்டிருந்தது.

தீபாவளி நெருங்கிய நேரம். வடக்கேயிருந்து பெரிய ஆர்டர் கொடுத்த வியாபாரி அடுத்த வாரம் சோதனையை நேரில் பார்க்க வருகிறார் என்றார்கள். மானேஜருக்கு ஒரு ஆசை. வெடித்ததும் திரை நடுவில் பெரிய பச்சை பல்பு எரிய வேண்டும். மேலே கம்பெனிப் பெயரும் சரக்குப் பெயரும் கலர் எழுத்தில் வர வேண்டும். பெயரைப் போட்டுவிட்டேன். பல்பு கடுகளவில் நின்றது, அதைப் பெரிதாக்கத் தெரியவில்லை. சாயங்காலம் பிரவுசிங் சென்டருக்குப் போய்க் குழுவில் கேட்டேன்.

பம்பு உடனே எழுதினார்: "படம் எங்கீங்க?"

"பல்பு ஒண்ணுக்கு முழுப் படமா?"

"சட்டம்னா சட்டமுங்க. பல்புக்கு மட்டும் தனியா சட்டம் போடறதா?"

சலித்துக்கொண்டே ஃப்ளாப்பியிலிருந்து முழுத் திரையையும், கம்பி இழுத்த படத்தையும் ஏற்றினேன். கொஞ்ச நேரம் வழக்கமான கேலி. ஒருவர், இது இடியாப்பம் இல்லை, கொத்து பரோட்டா என்றார். பல்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் பெரிதாகும் என்றார் இன்னொருவர். அவ்வளவுதான் விஷயம். கிளம்பலாம் என்று இருந்தபோது ஹாரன் அக்கா எழுதினார்.

"பல்பு கிடக்கட்டும் வெடி. மைக்குக்குப் பக்கத்துல இருக்கிறது பம்போட துண்டுதானே?"

"ஆமா அக்கா. ரொம்ப நல்லா இருக்கு."

"நல்லாத்தான் இருக்கும். அது என்ன பண்ணுதுன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. முள் நின்றதைப் பார்த்தேன், அது போதுமென்று இருந்துவிட்டேன். அவர்தான் சொன்னார். அந்தத் துண்டு வருகிற எண்களைக் கூட்டி வகுத்துச் சராசரி எடுக்கிறது. பம்பில் தண்ணீர் விடாமல் ஓடும், அதற்கு அது சரி. வெடி கண் இமைக்கிற நேரத்தில் முடிந்துவிடும். அந்த ஒரு நொடிப் பொழுதின் சத்தத்தை, அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற அமைதியோடு சேர்த்து வகுத்தால் என்ன வரும்? அக்கா எழுதியதை அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறேன்: "ஒரு அண்டா சாம்பார்ல ஒத்த மிளகாயைப் போட்டுக் கலக்கிட்டு, மிளகாயில காரமே இல்லேங்கிற."

பம்புக்குக் கோபம் வந்தது. "என்ற துண்டுல ஒரு தப்பும் கிடையாதுங்க."

"உங்க துண்டு தங்கமான துண்டு பம்பு. தண்ணிக்கு."

இருவரும் மாறி மாறி எழுதினார்கள். எழுத்தைப் பார்த்தால் பம்பு பெரிய படிப்புப் படித்தவர், அக்காவும்தான். இடையில் ஒன்பதாம் வகுப்புக்காரன் நான் யாரை நம்புவது? கடைசியில் அக்கா என்னிடம் எழுதினார்: "எங்க சண்டையைப் பாக்காத. நாளைக்குக் காலைல ஒரு கனமான பலகையை எடுத்து மைக் பக்கத்துல தரையில ஓங்கி அடி. அப்புறம் அதே இடத்துல ஏதாவது வண்டியை நிறுத்தி ஹாரனை விடாம அழுத்து. எது பெருசுன்னு உன் காது சொல்லும். திரையும் அதையே சொல்லுதான்னு பாரு."

மறுநாள் வேலை தொடங்குமுன் அண்ணாச்சியைச் சோதனைத் திடலுக்குக் கூட்டிப் போனேன். அது ஷெட்டுகளிலிருந்து தள்ளி, வேலியோரம் இருந்த பொட்டல். கண்ட்ரோல் ரூமில் திரையைத் திறந்து வைத்துவிட்டு, வெளியே வந்து, பழைய பலகை ஒன்றைத் தூக்கி மைக் பக்கத்தில் தரையில் அடித்தேன். பலகை கீழே விழுந்த வேகத்தில் அண்ணாச்சி ஒரு எட்டுப் பின்னால் போனார். "ஏலே, சொல்லிட்டு அடிக்க மாட்டியா" என்று காதைத் தடவினார். பிறகு அவருடைய டிவிஎஸ் ஐம்பதை அதே இடத்தில் நிறுத்தி ஹாரனை அழுத்தச் சொன்னேன். அந்த ஹாரன், ஆட்டுக்குட்டி கத்துவது மாதிரி இருக்கும்.

உள்ளே போய்ப் பார்த்தோம். ஆட்டுக்குட்டிக்குப் பெரிய எண். பலகைக்குச் சின்ன எண்.

அண்ணாச்சி திரையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "என் வண்டி ஹாரன் அம்புட்டு சத்தமா போடுது?" என்றார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை.

பம்பின் துண்டை எடுத்துவிட்டு, லோடிலிருந்து சாம்பிளுக்கு ஒதுக்கி வைத்த வெடிகளை வெடித்துப் பார்த்தோம். முதலாவது தாண்டியது. இரண்டாவது தாண்டியது. மூன்றாவதற்கு அண்ணாச்சி திரையைப் பார்க்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை தாள்லே இது? எம்புட்டு நாளா?"

"முள்ளு ஆடுறது நின்னதில இருந்து அண்ணாச்சி."

"அதுக்கு முன்னால ஆடுச்சே, அதுதான் நெசமா?"

"ஆமா."

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். "போனது போச்சு, அதையும் சொல்லித்தான் ஆகணும். வாசல்ல ஒரு லோடு ஏறிக்கிட்டு இருக்கு. அதுக்குத் தாள் இன்னும் போடலை. மானேஜர் வரட்டும்" என்றார்.

மானேஜர் வரும்வரை என்னிடம் இருந்த நேரத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பழைய படத்தை அழித்துவிடலாம். அழித்தால் யாராலும் அதை வைத்துத் தாள் எடுக்க முடியாது. கை மவுஸில் இருந்தது. ஆனால் அழித்தால், இத்தனை நாள் போன தாள்கள் எதை வைத்துப் போயின என்பதற்கு அத்தாட்சி இல்லாமல் போகும். அண்ணாச்சி மறுபடி கோர்ட்டில் நின்றால், தப்பு எங்கே இருந்தது என்று காட்ட ஒன்றும் இருக்காது. என் தப்பும் அதோடு காணாமல் போய்விடும். அது வேறு. அதனால் இரண்டையும் வைத்தேன். பழையதற்கு 'பம்பு' என்று பெயர் போட்டேன். புதியதற்கு 'வெடி'. இனி திறக்கிறவர் எதைத் திறக்கிறோம் என்று தெரிந்தே திறக்க வேண்டும். தப்பான படத்தை அழிக்காதீர்கள், அதற்குச் சரியான பெயரைப் போட்டு வையுங்கள் என்று பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அது அறிவு என்றெல்லாம் தோன்றவில்லை.

மானேஜர் வர மதியமாகிவிட்டது. நாங்கள் சொன்னதை நின்றுகொண்டே கேட்டார். முழுக்கக் கேட்டார், அதைச் சொல்ல வேண்டும். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"இது தப்புன்னு உனக்கு யார் சொன்னா?"

குழுவைப் பற்றிச் சொன்னேன். படம் போட்டதைச் சொன்னேன்.

"எந்தப் படம்?"

திரையைக் காட்டினேன். மேலே கம்பெனிப் பெயர், சரக்குப் பெயர், நானே கலர் கலராகப் போட்டது. அப்போதுதான் எனக்கே உறைத்தது. குழுவின் சட்டப்படி முழுத் திரையையும் ஏற்றியபோது, பெயர்ப் பலகையோடுதான் ஏற்றியிருந்தேன். ஊரெல்லாம் பார்க்கும்படி, இந்தக் கம்பெனி, இந்தச் சரக்கு, இந்தச் சோதனை என்று.

"யாரு அவுக? பேரு என்ன?"

"ஒருத்தர் பேரு பம்பு. இன்னொருத்தர் ஹாரன்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, நான் கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டார் என்று தெரிந்தது. உண்மையாகவே எனக்கு வேறு பெயர் தெரியாது. "பேரு தெரியாத ஆளுககிட்ட என் கம்பெனியை அவுத்துக் காட்டியிருக்கே. வெளிய போ" என்றார். அண்ணாச்சி பக்கம் திரும்பி, "பழைய படத்தை வச்சே ஒரு தாள் எடுத்துக் கையெழுத்துப் போடுங்க. லோடு சாயங்காலத்துக்குள்ள கிளம்பணும். தீவாளிக்கு அப்புறம் எல்லாத்தையும் சரி பண்ணிக்கிடலாம்" என்றார்.

அவர் கோபத்தில் பாதி நியாயம். அடுத்தவர் வீட்டுப் பெயர்ப் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சந்தையில் வைக்க எனக்கு உரிமை கிடையாது. நீங்கள் இப்போது கைபேசியிலேயே குழு வைத்திருக்கிறீர்கள், ஒரு நொடியில் படம் போகிறது. பெயரை மறைத்துவிட்டுப் போடுங்கள். ஆனால் கம்பியை மறைக்காதீர்கள். அந்த மூலையை மட்டும் வெட்டிப் போட்டிருந்தால் எனக்குப் பெரிய பல்பு கிடைத்திருக்கும், வேறு எதுவும் கிடைத்திருக்காது.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அண்ணாச்சி கண்ட்ரோல் ரூம் வாசலில் நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்த மாதிரி இருந்தது. போடாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். வேலை போனவன் வேலையில் இருக்கிறவனுக்கு அதைச் சொல்வது லேசு. சொல்லாமல் வந்துவிட்டேன்.

அதனால்தான் நடந்தேன். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தேன். ஒரு டிராக்டர் போனது. கல்யாண வேன் ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. தீப்பெட்டிக் குச்சி மூட்டை ஏற்றிய குட்டி யானை வேன் ஒன்று. வெயில் இறங்கத் தொடங்கியது. செருப்பு வார் ஒன்று அறுந்து, அதைக் கருவேல முள்ளால் குத்திப் பூட்டிக்கொண்டு நடந்தேன். இவ்வளவு நேரம் வரவில்லையே என்று கொஞ்சம் தைரியம் வந்த சமயத்தில் அந்த ஹாரன் கேட்டது. அந்த லாரியின் டிரைவர் மாரியப்பனை எனக்குத் தெரியும். கேட்டில் நிற்கும்போதெல்லாம் இரண்டு குட்டை, ஒரு நெட்டை என்று அடிப்பார்.

திரும்பவில்லை. ரோட்டை விட்டு இறங்கி நின்றேன். அண்ணாச்சி போட்டுவிட்டார், என்று மனது சொல்லிவிட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது, வாய் திறக்காமல் வந்தவன் நான்தானே என்றும் சொன்னது.

அப்போது இன்னொரு சத்தம் கேட்டது. லாரியின் பின்பலகையைக் கட்டும் சங்கிலி பலகையில் அடிக்கிற சத்தம். லொடக், லொடக் என்று பள்ளத்துக்குப் பள்ளம். லோடு இருந்தால் பலகையும் சங்கிலியும் விறைத்து நிற்கும், மேலே தார்ப்பாயும் கயிறும் இறுகிக் கிடக்கும், இப்படி ஆடாது. போர்வெல் லாரியில் மூன்று வருஷம் இருந்தவனுக்கு அது தெரியும். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், அது காலி வண்டி.

திரும்பிப் பார்த்தேன். காலி வண்டிதான்.

மாரியப்பன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். "என்ன அண்ணே, இங்கன நடந்து போறீக? ஏறுங்க."

ஏறினேன். அவர் வாய் மூடவில்லை. "காலைல இருந்து ஏத்துன லோடை மதியத்துக்கு மேல இறக்குறானுக. கேட்டா, ஃபோர்மேன் கையெழுத்துப் போட மாட்டேங்காராம். மானேஜர் சத்தம் போடுதாரு, ஊரைக் கூட்டுதாரு. அந்த மனுசன் ஒரு ஸ்டூலைத் தூக்கிட்டு வந்து என் லாரிக்கு முன்னால போட்டு உக்காந்துட்டாரு. கையில ஒரு பழைய பலகை."

"பலகையா?"

"ஆமா. எதுக்குன்னு தெரியலை. மொதலாளி கார்ல வந்து இறங்குனாரு. உடனே இந்த ஆளு எந்திரிச்சு, அவரைச் சோதனைத் திடலுக்குக் கூட்டிட்டுப் போயி, அந்தப் பலகையைத் தரையில ஒரே அடி. மொதலாளி பதறிட்டாரு. அப்புறம் தன் வண்டி ஹாரனை அடிச்சுக் காட்டுதாரு. ரெண்டு பேரும் கண்ட்ரோல் ரூமுக்குள்ள போனாக. வெளிய வந்த மொதலாளி, லோடை இறக்குங்கலேன்னுட்டாரு. கிறுக்குப் பிடிச்ச கம்பெனி அண்ணே. என் டிரிப்பு போச்சு."

நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த டிரிப்பு போனதற்கு யார் காரணம் என்று அவரிடம் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் சொன்னேன், அன்றைக்கு இல்லை.

"நாளைக்கு ஆலங்குளத்துல சிமெண்ட் லோடு இருக்கு, அதையாவது பிடிக்கணும்" என்றார். "லோடுமேன் ஒருத்தன் ஊருக்குப் போயிட்டான். உங்களுக்கு இந்தக் கம்ப்யூட்டர் வேலை எல்லாம் இருக்கும். யாராவது ஆள் தெரிஞ்சா சொல்லுங்க."

"நானே வாரேன்."

என் கையைப் பார்த்தார். நுனி இல்லாத விரலைப் பார்த்தார். "மூட்டை தூக்குவீகளா?"

"தூக்குவேன்."

சிவகாசியில் இறங்கிப் பிரவுசிங் சென்டருக்குப் போய், நடந்ததைக் குழுவில் எழுதினேன். முதல் வேலையாகப் போட்ட படங்களை நீக்கச் சொன்னேன். அக்கா நீக்கிவிட்டதாக எழுதினார். கொஞ்ச நேரம் கழித்துப் பம்பிடமிருந்து ஒரு படம் மட்டும் வந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வரைந்தது. அப்படி ஒரு இடியாப்பத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. கீழே ஒரு வரி: "திட்டறவங்க வரிசையா வாங்க. வெடி முதல்ல."

எனக்குத் திட்ட வரவில்லை. "தேங்காய்ப்பால் இருக்கா?" என்று மட்டும் எழுதினேன்.

"இனி உன்னை என்னன்னு கூப்பிடறது வெடி?" என்று அக்கா கேட்டார். "நாளைல இருந்து எதைச் சோதிக்கப் போற?"

"சிமெண்ட் மூட்டை தூக்கப் போறேன் அக்கா."

பிறகு பம்பு எழுதினார்: "வெடின்னே இருக்கட்டுமுங்க."

மறுபடி இந்தத் தொழிலுக்கு வர எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. அண்ணாச்சிதான் வேறொரு கம்பெனிக்குப் போய், ஆள் விட்டுக் கூப்பிட்டார். அந்தக் கம்பெனியில் தினமும் காலையில் மெஷினைப் போட்டதும் முதலில் பலகையைத் தரையில் அடித்து, பிறகு ஹாரனை அழுத்திப் பார்ப்போம். இன்றைக்கு உங்கள் கூடத்து மூலையில் ஒரு பலகை சாத்தி வைத்திருக்கிறதே, எதற்கென்று கேட்டீர்களே, அது அங்கிருந்து வந்த பழக்கம். அதெல்லாம் பின்னால் நடந்தவை.

மறுநாள் காலை நான் சேர்ந்தது மாரியப்பன் லாரியில். வெளிச்சம் வந்ததும் ஆலங்குளம் கிளம்பினோம். எனக்குக் கொடுத்த முதல் வேலை, பின்பலகைச் சங்கிலியைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுவது. காலியாகப் போகும்போது ரொம்பச் சத்தம் போடுகிறது என்றார்.